வெலை எறங்குன கார்ல வத்தல் காயுது

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல ஒரு பக்கம் முழுக்க கலர் போட்டோ போட்டு, சொகுசு ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் செகண்ட் ஹேண்ட்ல பாதி வெலைக்கு எறங்கிட்டு, கோடி ரூவா காரு இனிமே நம்ம பையங்களுக்கும் எட்டும்னு ஒரு கட்டுரை வந்துச்சுல்லா, அதப் பத்திதான் எழுதுதேன். எழுதுனவரு நல்லாத்தான் எழுதிருக்காரு, தப்பு சொல்லல. ஆனா அன்னிக்கு மத்தியானம் சாப்பிட உக்காருததுக்குள்ள எனக்கு ஏழு போன். மேலப்பாளையத்துல இருந்து ஒரு பய, "அண்ணாச்சி, இன்னோவாவ குடுத்துட்டு மேல பத்து லட்சம் போட்டா ரெண்டு டோர் வண்டி ஒண்ணு பாக்கலாமா"ங்கான். ஏல, அந்த இன்னோவாதாம்ல உங்க வாப்பாவ ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகுது, உங்க லாத்தாவயும் பிள்ளையளயும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வருது, ரெண்டு சீட்டுல யார ஏத்துவ யார எறக்குவன்னு கேட்டேன். போன வச்சுட்டான்.

நான் பாளையங்கோட்டைல 22 வருஷமா பழைய வண்டி வாங்கி விக்கேன். அம்பாசடர், மாருதி 800ல ஆரம்பிச்சு இன்னிக்கு எலக்ட்ரிக் வர பாத்தாச்சு. பெரிய ஷோரூம்லாம் கெடையாது, தகர செட்டு, ஒரு பையன், ஒரு ஏர் கம்பரசர், அவ்வளவுதான். பெரிய எடத்து வண்டியும் அப்பப்ப நம்ம கைக்கு வரும், அந்த அனுபவத்துலதான் சொல்லுதேன்.

மொதல்ல பாதி வெலைன்னா எதுல பாதின்னு பாக்கணும். நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம். அப்பம் 80 லட்சம் ரூவா வண்டிக்கு ரோட்டுக்கு வருததுக்கு முன்னாடியே 16 லட்சம் டாக்ஸ். அதுக்கு மேல இன்சூரன்ஸ், அது இதுன்னு கோடிய தொட்டுரும். விக்கும்போது அந்த டாக்ஸ எவனும் முழுசா திருப்பித் தர மாட்டான். பொறவு தேய்மானம். இன்சூரன்ஸ்காரன் அட்டவணைய எடுத்துப் பாருங்க, மொத ஆறு மாசத்துக்கு 5 சதவீதம் கழிப்பான், ஒரு வருஷம் வர 15, ரெண்டு வருஷம் வர 20, அப்புறம் 30, 40, அஞ்சாவது வருஷத்துல சரியா 50. ஆல்ட்டோவுக்கும் அதே கணக்குதான், போர்ஷேக்கும் அதே கணக்குதான். அஞ்சு வருஷத்துல பாதிங்கது காகிதத்துலயே எழுதி வச்சிருக்க சமாச்சாரம் அண்ணாச்சி, அதுல செய்தி ஒண்ணும் இல்ல. அதுக்கும் கீழ ஏன் போச்சுங்கதுதான் செய்தி, அதத்தான் கட்டுரைல காணும்.

ஏன் போச்சுன்னா, மொதல்ல ஏன் ஏறிச்சுன்னு பாக்கணும். கொரோனா முடிஞ்சு 2021, 22ல உலகம் பூரா காருக்குள்ள வைக்க கம்ப்யூட்டர் சிப்புக்கு தட்டுப்பாடு, புது வண்டி புக் பண்ணுனா வருஷக் கணக்குல காத்துக் கெடந்தாவ, கைல காசு உள்ளவன் பழசயே புதுசு வெலைக்கு வாங்குனான். அந்த நேரத்து வெலை அசல் வெலையே கெடையாது, ஆடி மாசம் குத்தாலத்துல லாட்ஜ் ரூம் வெலை மாரி. சிப் வந்துச்சு, புது வண்டி வந்துச்சு, பழசு எறங்கிச்சு.

அடுத்து 2025 ஆகஸ்ட் 15. அன்னிக்கு செங்கோட்டைல இருந்து பிரதமர் ஜி.எஸ்.டி. கொறையப் போவுதுன்னு சொன்னாரு. நம்ம தென்காசி செங்கோட்டை இல்ல, டெல்லி செங்கோட்டை. அவ்வளவுதான், மறுநாள்ல இருந்து ஒரு பார்ட்டி வரல. அட்வான்ஸ் குடுத்தவன் கூட "அண்ணாச்சி கொஞ்சம் பொறுப்போம்"னுட்டான். செப்டம்பர் 22ல இருந்து பெரிய காருக்கு, மொதல்ல செஸ்ங்க கூடுதல் வரியோட சேத்து 48, 50 சதவீதம் வர இருந்த வரி 40 ஆச்சு, புது வண்டிலயே லட்சக் கணக்குல எறங்கிச்சு. புதுசு எறங்குனா பழசு எங்க நிக்கும். நான் ஆகஸ்ட் மொத வாரம்தான் ஒரு ஜெர்மன் செடான 29 லட்சத்துக்கு கைக்காசு போட்டு எடுத்து வச்சிருந்தேன், சாம்பல் கலரு, சிங்கிள் ஓனரு, குழந்தை மாரி வண்டி. அது தீவாளி கழிஞ்சு இருபத்தஞ்சரைக்கு போச்சு. பழைய வண்டி யாவாரத்துல லாபத்துக்குத்தான் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., நட்டத்துக்கு வரி கெடையாதுன்னு ஆடிட்டர் ஆறுதல் சொன்னாரு. அந்த ஆறுதல வச்சு நான் என்ன செய்ய.

அது போக, 2025 ஜூலைல இங்கிலாந்து கூட யாவார ஒப்பந்தம், 2026 ஜனவரில ஐரோப்பா கூட பேச்சு முடிஞ்சுது. நூறு சதவீதத்துக்கு மேல இருக்க இறக்குமதி வரி கொஞ்சம் கொஞ்சமா 10 வர எறங்கும், அதுவும் வருஷத்துக்கு இத்தன வண்டின்னு அளவு வச்சு. நாளைக்கு காலைல எறங்காது. ஆனா வாங்குதவன் மனசுல இன்னிக்கே எறங்கிட்டு. நானா இருந்தாலும் பொறுத்துத்தான் பாப்பேன்.

டெல்லில டீசல் வண்டிக்கு பத்து வருஷம், பெட்ரோலுக்கு பதினஞ்சு வருஷம்னு தடை போட்டதும் ஒரு காரணம். 2025 ஜூலைல பங்க்ல பெட்ரோலே ஊத்தக்கூடாதுன்னு வேற ஆரம்பிச்சாவ, கொஞ்ச நாள்லயே நிப்பாட்டிட்டாவ, அது வேற கதை. ஆனா அங்க உள்ளவன் பயந்து போயி கெடைச்ச வெலைக்கு தள்ளுததும், இங்க உள்ள யாவாரி ரயில் ஏறிப் போயி அள்ளிட்டு வருததும் நடந்துட்டுதான் இருக்கு. வெலைய மட்டும் பாத்தா கண்ணு விரியும். என்.ஓ.சி.ங்க தடையில்லா சான்று வாங்கணும், பன்னெண்டு மாசத்துக்கு மேல இங்க ஓட்டுனா நம்ம ஆர்.டி.ஓ.ல திரும்ப பதியணும், வயசுக்கு ஏத்த மாரி இங்க டாக்ஸ் கட்டணும், அங்க கட்டுனத திரும்ப வாங்குததுக்கு அங்கயே அலையணும். டெல்லி டி.எல். நம்பரோட நாலு வழிச்சாலைல நிக்க வண்டிய டிராபிக் போலீஸ் சும்மா விடுவாரா?

சரி, இதெல்லாம் ஊர் உலகத்து காரணம். நம்ம ஊர் காரணம் ஒண்ணு இருக்கு, அத கண்ணால பாக்கணும்னா பெருமாள்புரத்துக்கு வாங்க.

அங்க ஒரு தம்பி, பேரு வேண்டாம், முப்பந்தல் பக்கம் கரண்ட் எடுக்க காத்தாடி கான்ட்ராக்ட் எடுத்து நல்லா சம்பாதிச்ச பய. 2022 தொடக்கத்துல, வெலை உச்சில இருந்த நேரம், பெங்களூர்ல இருந்து ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தான். 2018 மாடலு, செவப்பு, மேல்கூரை பட்டன அமுக்குனா மடங்கி டிக்கிக்குள்ள போயிரும். கம்பெனி பேர எழுதல, அது தப்பு கம்பெனி மேல இல்ல. 46 லட்சம் குடுத்தான். நான் வேண்டாம்னேன். "அண்ணாச்சி, உங்களுக்கு கமிஷன் இல்லன்னு சொல்லுதீயளா"ன்னான், அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல.

வந்த மொத வாரம் தெருவே திருவிழா. பிள்ளையளெல்லாம் செல்பி எடுத்துச்சு. ரெண்டாவது வாரம்தான் தெரிஞ்சுது, அவன் வீட்டுத் தெருல இருந்து மெயின் ரோட்டுக்கு போக நாலு வேகத்தடை இருக்குன்னு. நம்ம ஊர் வேகத்தடைய பாத்திருப்பீங்க, ஒவ்வொண்ணும் சின்ன குன்று, அளவும் கெடையாது பெயிண்டும் கெடையாது. வண்டியோட வயிறு தரைல இருந்து நாலரை அஞ்சு இஞ்சுதான். அதனால அவன் என்ன செஞ்சான், ரெண்டு தேக்கு பலகை அறுத்து வாங்குனான். பலகை டிக்கில அடங்காது. அப்பம் அவன் தம்பி ஸ்ப்ளெண்டர்ல பின்னாடியே பலகைய கட்டிட்டு வருவான், வேகத்தடை வந்ததும் எறங்கி பலகைய போடுவான், அண்ணன் பைய ஏத்தி எறக்குவான், தம்பி திரும்ப பலகைய எடுத்து கட்டுவான். நாலு தடவ. 46 லட்சம் ரூவா காரு மெயின் ரோட்ட புடிக்க இருவது நிமிஷம், ஸ்ப்ளெண்டருக்கு ரெண்டு நிமிஷம்.

அதனால விடியக்காலம் அஞ்சு மணிக்கு எடுத்து, நாங்குநேரி டோல்கேட் வர போயிட்டு திரும்புவான், அதுதான் அவன் ஓட்டுன ஓட்டம். நாலு வருஷத்துல 6,000 கிலோமீட்டர் கூட ஓடல. ஓடாத வண்டிக்கு வெலை ஜாஸ்தி கெடைக்கும்னு நெனைப்பீங்க. கெடையாது. ஓடுன வண்டி தேயும், ஓடாத வண்டி செத்துரும். நின்னா பேட்டரி எறங்கும், அந்த பேட்டரி சாதா பேட்டரி இல்ல, மாத்துனா அதுக்கு கம்ப்யூட்டர்ல வேற பதியணும். நம்ம வெயிலுக்கு மேல்கூரை ஓரத்து ரப்பர் வெடிக்கும், மழை வந்தா சொட்டும். எலி உள்ள போயி ஒயர கடிச்சுரும், ஒரு தடவ கடிச்சு வச்சதுல டேஷ்போர்டு பூரா மஞ்ச லைட்டு, ஆனி தேரோட்டத்துக்கு சீரியல் செட்டு போட்டாப்ல. அத யாரு பாப்பா? இங்க உள்ள மெக்கானிக் பயலுவ நல்ல வேலைக்காரனுவதான், ஆனா அந்த கம்பெனி ஸ்கேனர் இல்லாம போனட்ட தொறந்து கும்புடத்தான் முடியும். படுக்க வச்சு கொண்டு போற லாரி புடிச்சு நூத்தம்பது நூத்தறுவது கிலோமீட்டர் தாண்டி போவணும், லாரி வாடகை தனி, அங்க தொட்டதுக்கு பில்லு தனி. கியர்பாக்ஸ்ல ஒரு எலக்ட்ரானிக் யூனிட் போயிட்டுன்னு எஸ்டிமேட் குடுத்தாவ, அந்த தொகைக்கு நான் ஒரு ஸ்விப்ட்டு எடுத்து அத வித்து லாபமும் பாத்துருப்பேன்.

இது ஏன் ரீசேல் கத ஆவுதுன்னா, பார்ட் வெலை எப்பவும் புது வண்டிக்கு உள்ள வெலைதான். காரு ஒரு கோடில இருந்து இருவத்தஞ்சு லட்சத்துக்கு எறங்கும், பிரேக் டிஸ்க்கு எறங்காது. டயரு எறங்காது. முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ், மாத்திப் போடவும் வழியில்ல, நாலும் வாங்குனா லட்சத்த தாண்டும். நீங்க இருவத்தஞ்சு லட்சத்து கார வாங்கல, ஒரு கோடி கார வாங்கிருக்கீங்க, கட்டுன காசு மட்டும்தான் இருவத்தஞ்சு. இது வாங்க வாரவனுக்கு தெரியும், அதான் அவன் கேக்க வெலை.

நான்தான் அந்த வண்டிக்கு பார்ட்டி பாக்கேன். 2023ல ஒருத்தர் 40க்கு கேட்டாரு, தம்பி குடுக்கல, 45 வேணும்னான். அடுத்த வருஷம் 34. ஜி.எஸ்.டி. கொறைஞ்ச பொறவு கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. வேட்டி சட்டை, கைல பெயிண்ட் கனம் பாக்க சின்ன மிஷினு. போனட்டு, கதவு, பின்னாடின்னு ஒவ்வொரு எடமா அந்த மிஷின வச்சு வச்சு எடுத்தாரு, ஒண்ணும் பேசல. அப்புறம் கீழ குத்த வச்சு உக்காந்து டயர் ஓரத்த கர்ச்சீப்பால தொடைச்சாரு. நாலு நம்பர் இருக்கும் அதுல, 4617ன்னு இருந்துச்சு. 2017ல 46வது வாரம் செஞ்ச டயரு. காரோட வந்த டயரே இன்னும் கெடக்கு, மேல உள்ள பட்டன் தேயாம இருக்கு, ஆனா ரப்பர் கல்லு. என்னைய நிமிந்து பாத்தாரு, நான் வானத்த பாத்தேன். 22 லட்சம்னாரு. தம்பிக்கு கண்ணு கலங்கிட்டு. இப்பம் வர விக்கல.

வெலை கொறைஞ்ச வண்டில இன்னொரு வகை இருக்கு, இதையும் உங்க கட்டுரை சொல்லல. 2023 டிசம்பர் 17, 18ல நம்ம பக்கம் பெய்ஞ்ச மழைய யாரும் மறந்துருக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஊருக்குள்ள வந்து நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே குளமா கெடந்துச்சு. அதே மாசம் தொடக்கத்துல சென்னைல புயல் மழை. எத்தன காரு முங்கிச்சு. ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்புல முக்காவாசிய தாண்டுனா இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ், இனி தேறாதுன்னு முடிச்சுருவான், அந்த வண்டி ஏலத்துக்கு போவும், எவனாவது எடுத்து கழுவி பாலிஷ் போட்டு வேற ஊர்ல விப்பான். தாழ்ந்த வண்டி சீக்கிரம் முங்கும், அதுல உள்ள கம்ப்யூட்டரு பாதி சீட்டுக்கு அடியிலதான். நான் எந்த வண்டி வந்தாலும் மொதல்ல செய்யுத காரியம், சீட் பெல்ட்ட கடைசி வர இழுத்துப் பாப்பேன். மேல் பாதிய எல்லாவனும் கழுவிருவான், உருளைக்குள்ள சுத்திக் கெடக்க கடைசி ஒரு முழத்த எவனும் கழுவ மாட்டான். அங்க செம்மண் கலர்ல ஒரு கோடு இருந்துச்சுன்னா, சாவிய குடுத்துட்டு வந்துருவேன். சீட்டு ஓடுத தண்டவாளத்துல துரு, கார்பெட்டுக்கு அடில ஈர வாட, அதையும் பாருங்க.

வளைகுடால உள்ள நம்ம பிள்ளையளுக்கும் ஒரு வார்த்த. துபாய்ல இன்னும் கொறைச்சலா கெடைக்கு, கப்பல்ல போட்டு கொண்டு வந்துரலாமான்னு மாசத்துக்கு ஒருத்தன் வீடியோ அனுப்புதான். அங்க ஸ்டீரிங் இடது பக்கம்ல மக்கா. பழைய வண்டிய இங்க எறக்கணும்னா ஸ்டீரிங் வலது பக்கம் இருக்கணும், மூணு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, அது போக வரியே வண்டி வெலைய தாண்டும். வீடியோவ பாத்து ரசிச்சுட்டு விட்டுருங்க.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் விழல, அதையும் நேர்மையா சொல்லணும். கம்மியா செஞ்சது, கைகியரு, டர்போ இல்லாத இஞ்சினு, இனிமே வராதுங்க வண்டிய சேத்து வைக்கவங்க இருக்காவ, அவங்க உலகம் வேற. நம்ம ஊர்லயே ஆர்.எக்ஸ். 100 இல்லையா, 1996லயே நிப்பாட்டுன வண்டி, இன்னிக்கு நல்ல கண்டிஷன்ல ஒண்ணு வந்துச்சுன்னா அன்னிக்கு புதுசா வித்த வெலைய விட பல மடங்கு குடுத்து அடிச்சுப் புடிச்சு வாங்குதான். அதுக்கு பார்ட்டு கெடைக்கி, வேலை தெரிஞ்ச ஆளு தெருவுக்கு ஒருத்தன் இருக்கான், வீட்டு முடுக்குல நிப்பாட்டலாம். இன்னோவாவுக்கு வெலை விழாததும் அதே கததான். அடுத்தவன் கைக்கு போனாலும் ஓடும்னு எல்லாத்துக்கும் தெரியும். வெலைய நிப்பாட்டுதது அந்த அடுத்தவன்தான் அண்ணாச்சி, ரெண்டாவது ஆளு இல்லாத ஊர்ல எந்த பொருளுக்கும் வெலை நிக்காது. கோயம்புத்தூர்லயும் கொச்சிலயும் ரெண்டாவது ஆளு இருக்கான். இங்க அந்த பெருமாள்புரத்து தம்பிதான் மொத ஆளும் கடைசி ஆளும்.

அதனால அடுத்த தடவ இந்த மாரி கட்டுரை போட்டா, காரு வெலைக்கு பக்கத்துலயே நாலு டயரு வெலை, ஒரு வருஷ இன்சூரன்ஸ், பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தன கிலோமீட்டர், இந்த மூணயும் சேத்து போடச் சொல்லுங்க. போட்டோவ கொஞ்சம் சின்னதாக்குனா எடம் கெடைக்கும்.

தம்பி இப்பம் அந்த வண்டிய கவர் போட்டு மூடிட்டான். அவங்க அம்மாவுக்கு மூட்டு வலி, மொட்ட மாடி ஏற முடியல, அதனால மாசில இருந்து கவர் மேல வேட்டிய விரிச்சு கூழ் வத்தல் போடுதாவ. கூரை சரியா இடுப்பு ஒசரம், குனியவும் வேண்டாம் எட்டவும் வேண்டாம், கோழியும் ஏறாது, நல்லா மொறுமொறுன்னு காயுதுன்னாவ. எனக்கும் ஒரு டப்பா குடுத்து விட்டாவ. நேத்து அந்த அம்மாவே போன் பண்ணி, தம்பிக்கிட்ட சொல்லாத அய்யா, வண்டிய இப்ப எதுவும் விக்கப் போறீயளா, இல்ல சித்திரை முடியட்டுமான்னு கேட்டாவ.

இப்படிக்கு,
பழைய வண்டி யாவாரி ஒருத்தன்,
பாளையங்கோட்டை.